வானுக்கு இட்ட வேலி



புதிய கருவி ஒன்று உலகிற்கு வரும்போதெல்லாம் மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். இதனால் என்ன பயன் என்பது ஒன்று. இதனால் என்ன கேடு விளையும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தேடுவோர் தொழிலை வளர்க்கின்றனர். இரண்டாம் கேள்விக்கு விடை தேடுவோர் சட்டத்தை வகுக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒத்த வேகத்தில் நடப்பது அரிது. கருவி முன்னே ஓடுகிறது. சட்டம் மூச்சு வாங்கப் பின்தொடர்கிறது. இடையே கிடக்கும் அத்தொலைவில் என்னென்ன நேர்ந்தன என்று எண்ணிப் பார்ப்பது வரலாறு கற்போர்க்கு மிகவும் பயன் தரும் பயிற்சியாகும்.

இன்று வயல்களின் மீது மருந்து தெளிக்கவும், ஊர்களை அளந்து நிலப்படம் வரையவும், திருமண ஊர்வலத்தைப் படம் எடுக்கவும் பறந்து திரிகின்ற ட்ரோன் என்னும் ஆளில்லா வானூர்தியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அது எவ்வாறு தோன்றியது? அதனை நெறிப்படுத்த அரசுகள் எவ்வாறு கற்றுக்கொண்டன? நம் நாடு இத்துறையில் செய்த பிழை யாது? அப்பிழையினின்று அது எவ்வாறு மீண்டது? இவற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

வானூர்திச் சட்டத்தின் கதை ஒரு விந்தையான காட்சியுடன் தொடங்குகிறது. 1783-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், பாரிஸ் நகரத்தின் ஷான் த மார்ஸ் திடலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஜாக் சார்லஸ் என்னும் அறிவியலறிஞர், பட்டுத் துணியால் செய்த பெரிய பலூன் ஒன்றில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி வானில் விடுத்தார். அதில் ஆள் எவரும் இல்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பறந்த பின் அது கோனெஸ் என்னும் சிற்றூரில் வீழ்ந்தது. ஊரார் அதற்கு முன் அத்தகைய பொருளைக் கண்டதில்லை. ஏதோ ஒரு பூதம் வானினின்று இறங்கியதென்று அஞ்சி, கவைக்கோல்களாலும் கத்திகளாலும் அதனைக் குத்திக் கிழித்துவிட்டனர்.

அவ்வூராரைப் பார்த்து நாம் நகைக்க வேண்டா. அறியாத பொருளின் முன் அச்சம் தோன்றுவது மனித இயல்பு. அந்த அச்சத்தைக் கையில் கவைக்கோலாக எடுப்பதா, அல்லது சிந்தித்து விதியாக வகுப்பதா என்பதில்தான் நாகரிகம் அடங்கியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மனிதர் இருவர் பலூனில் ஏறிப் பாரிஸ் நகரின் மேல் பறந்தனர். அதன்பின் ஐந்து மாதங்கள் கழித்து, 1784-ஆம் ஆண்டு ஏப்ரலில், பாரிஸ் நகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தீயைச் சுமந்து செல்லும் பலூன்களை விடுதல் ஆகாது. மற்றவற்றை விடுவதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்பது அதன் சாரம். வானத்தில் செல்லும் பொருளைப் பற்றி மனிதன் வகுத்த முதல் விதிகளுள் இது ஒன்று. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அவ்வாணை பறத்தலையே தடை செய்யவில்லை. கூரைகளின் மேல் விழுந்தால் ஊரை எரிக்கக்கூடியது எது, எரிக்காதது எது என்று பிரித்தறிந்து அது பேசியது. இப்பிரித்தறியும் குணமே நல்ல விதியின் உயிர்நாடி. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் நமக்கு வேண்டும்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக 12 விநாடிகள் பறந்தது. எட்டு ஆண்டுகளுக்குள் விமானம் நம் நாட்டையும் எட்டியது. 1911 பிப்ரவரி 18-ஆம் நாள் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களை ஏற்றிச் சென்றார். உலகில் அதிகார பூர்வமாக நடந்த முதல் விமானத் தபால் அதுவே. அதே ஆண்டில் இந்திய வானூர்திகளுக்கென ஒரு சட்டமும் பிறந்தது. பின்னர் 1934-இல் அதனினும் விரிவான விமானச் சட்டம் வந்தது. அச்சட்டம் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து, 2024-இல் இயற்றப்பட்ட பாரதீய வாயுயான் அதிநியமத்திற்கு 2025 ஜனவரி முதல் நாளில் இடம் கொடுத்து விலகியது.

இதனிடையே உலக நாடுகள் கூடி ஒரு பெரிய கேள்விக்கு விடை கண்டன. வானம் எவருக்கு உரியது என்பதே அக்கேள்வி. கடலைப் போல அது அனைவருக்கும் பொதுவானது என்று சிலர் வாதிட்டனர். முதல் உலகப் போர் அவ்வாதத்தை முறியடித்தது. குண்டு வீசும் விமானங்களைக் கண்ட நாடுகள், தத்தம் நிலத்தின் மேலுள்ள வான்வெளி தத்தம் ஆட்சிக்கே உட்பட்டது என்று 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் முடிவு செய்தன. 1944-ஆம் ஆண்டு டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. அதன் எட்டாம் பிரிவு ஆளில்லா விமானத்தைப் பற்றியே தனியாகப் பேசுகிறது. ஒரு நாட்டின் சிறப்பு அனுமதி இன்றி ஆளில்லா விமானம் அந்நாட்டின் மேல் பறத்தல் ஆகாது. அனுமதித்தாலும், ஏனைய விமானங்களுக்கு ஆபத்து நேராதபடி அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது.

எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆளில்லா விமானத்தைப் பற்றிக் கவலை எழுந்தது எவ்வாறு என்று நீங்கள் வியக்கலாம். 1935-ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் படையினர் வானொலி அலையால் இயங்கும் விமானம் ஒன்றைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தினர். அதற்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர். அதனைப் பின்பற்றிய அமெரிக்கக் கடற்படையினர், ராணியைத் தொடரும் ஆண் தேனீயின் பெயரைத் தம் கருவிக்கு இட்டனர் என்பர். ஆண் தேனீக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ட்ரோன். போரில் பிறந்த அச்சொல்லே இன்று உழவர் வாயிலும் வழங்குகிறது.

நாடுகளுக்கிடையே எழுந்த கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் தனி மனிதனின் கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. என் வீட்டுக்கு மேலுள்ள வானம் எனக்கு உரியதா? இதற்கு விடை ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகருக்கருகே, காஸ்பி என்பவர் கோழி வளர்த்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்து விமான நிலையத்திற்குப் போர் விமானங்கள் வந்தன. அவை அவர் நிலத்தின் மேல் 83 அடி உயரத்தில் பறந்தன. இரைச்சலுக்கும் வெளிச்சத்திற்கும் அஞ்சிய கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. ஏறத்தாழ 150 கோழிகள் இவ்வாறு இறந்தன. குடும்பத்தார் உறக்கம் இழந்தனர். பண்ணைத் தொழிலும் அழிந்தது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1946-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. நிலம் எவனுடையதோ அவனுக்கே மேலுள்ள வானம் முழுவதும் உரியது என்னும் பழைய கொள்கை விமான யுகத்திற்குப் பொருந்தாது என்று நீதிபதிகள் கூறினர். அவ்வாறு கொள்வோமாயின், விமானம் கடக்கும் ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளரும் வழக்குத் தொடுப்பாரன்றோ? எனினும், நிலத்தை அனுபவிப்பதற்கு இன்றியமையாத அளவு மேல்வெளி அந்நிலத்தாருக்கு உரியதே என்றும் அவர்கள் ஏற்றனர். காஸ்பிக்கு இழப்பீடு உண்டென்று முடிவாயிற்று. ஆயினும் அந்த உரிமை எத்தனை அடி உயரத்தில் முடிகிறது என்பதை அவர்கள் வரையறுக்கவில்லை. பெரிய விமானங்கள் உயரத்தில் பறந்த காலம் வரை அந்த இடைவெளி எவரையும் பெரிதாக வருத்தவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்று ட்ரோன் பறக்கிறது.

போர்க்களத்திலிருந்த ஆளில்லா வானூர்தியை வயலுக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானியருக்கு உரியது. அங்கே சிற்றூர்களில் இளைஞர் குறைந்து, முதியோரே உழவைக் கவனிக்கும் நிலை ஏற்பட்டது. மருந்து தெளிக்க ஆள் கிடைக்கவில்லை. யமஹா நிறுவனம் 1987-இல் ஆர்-50 என்னும் சிறு ஹெலிகாப்டரை உருவாக்கியது. தரையில் நின்றவாறே ஒருவர் அதனை இயக்கலாம். அது 20 கிலோ எடையைச் சுமந்து பறக்கும். பயிற்சி பெற்றுச் சான்று பெற்றவர்கள் அதனை இயக்கினர். ஆகவே ஆளில்லா வானூர்தித் தொழிலை முதலில் பேணி வளர்த்தவற்றுள் ஒன்று நெற்பயிர் என்று சொல்லலாம். நெல்லை உயிராகக் கொண்ட நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ?

ஆனால் அவ்வானூர்தி விலை மிக்கது, இயக்குவதும் எளிதன்று. ட்ரோனை எளியோர் கைக்குக் கொண்டுவந்தது வேறொரு கருவி. அதுவே கைப்பேசி. இன்றைய ட்ரோனில் பெரும்பாலும் நான்கு சுழல்விசிறிகள் உள்ளன. இரண்டு ஒரு திசையிலும், ஏனைய இரண்டு எதிர்த் திசையிலும் சுழல்கின்றன. அவற்றின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே அதனை உயர்த்துகிறோம், தாழ்த்துகிறோம், திருப்புகிறோம். ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை செய்யவேண்டிய இவ்வேலை மனிதக் கைகளால் இயலாது. சிறு கணிப்பொறியே அதனைச் செய்கிறது. சாய்வையும் அசைவையும் உணரும் நுண்கருவிகள் அக்கணிப்பொறிக்கு வேண்டும். கைப்பேசிகள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டபோது அந்நுண்கருவிகள் மலிந்தன. எடை குறைந்த லித்தியம் மின்கலமும், செயற்கைக் கோள்களின் வழி இடமறியும் வசதியும் அவற்றோடு சேர்ந்தன. 2006-இல் சீனாவின் ஷென்ஷென் நகரில் தொடங்கிய டிஜேஐ நிறுவனம் 2013-இல் ஃபேண்டம் என்னும் ட்ரோனை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெட்டியைத் திறந்து சில நிமிடங்களில் எவரும் அதனைப் பறக்கவிட முடிந்தது. ஒரு தொழில் பிறந்துவிட்டது. சட்டமோ இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டு மே மாதம் மும்பை மாநகரில் ஓர் உணவு விடுதியார், தாம் செய்த பீட்சாவை ட்ரோன் மூலம் உயர்ந்த கட்டடம் ஒன்றுக்கு அனுப்பிக் காட்டினர். நாடெங்கும் இச்செய்தி பரவியது. காவல்துறை விளக்கம் கேட்டது. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், விதிகள் வகுக்கப்படும் வரை பொதுமக்கள் எவரும், எந்த நிறுவனமும் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடலாகாது என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அறிவித்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்தார் தீயுள்ளதையும் தீயில்லாததையும் பிரித்தறிந்தனர் என்று சொன்னேன். இங்கு அவ்வாறு பிரித்தறியவில்லை. கையளவு பொம்மையும், வயலளக்கும் கருவியும், பெரிய வானூர்தியும் ஒரே தடைக்குள் அடைபட்டன.

இத்தடையால் விளைந்தது யாது? சட்டத்திற்கு அஞ்சி நடந்த பொறியாளரும் மாணவரும் கைகட்டி நின்றனர். அஞ்சாதவர் திருமண வீடுகளில் தாராளமாகப் பறக்கவிட்டனர். அக்காலத்தில் பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. அமெரிக்கா 2016 ஆகஸ்டில் வணிக ட்ரோன்களுக்கான பொது விதியை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆப்பிரிக்காவில் மலைகள் நிறைந்த சிறு நாடான ருவாண்டா, அதே ஆண்டு அக்டோபரில், தொலைதூர மருத்துவமனைகளுக்குக் குருதியை ட்ரோன் வழியே அனுப்பத் தொடங்கியது. மலைப்பாதையில் நெடுநேரம் செல்லவேண்டிய குருதிப்பை, வான்வழியே விரைந்து சென்று தாய்மாரின் உயிரைக் காத்தது. வறிய நாடொன்று வழிகாட்டியபோது நாம் வாயில்களை அடைத்து வைத்திருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

தடை 2018 டிசம்பரில் விலகியது. ஆனால் அதன் இடத்தில் வந்தது எளிய நெறி அன்று; படிவங்களின் காடு. 2021 மார்ச்சில் வெளிவந்த விதிகளும் அவ்வாறே இருந்தன. நிரப்பவேண்டிய படிவங்கள் 25. கட்டணங்களின் வகைகளோ 72. தொழில் முனைவோர் முறையிட்டனர்.

இந்நிலையில் ஒரு கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. 2021 ஜூன் 27-ஆம் நாள் ஜம்முவிலுள்ள விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன்கள் வெடிகுண்டுகளை வீசின. நம் நாட்டில் அத்தகைய தாக்குதல் அதுவே முதன்முறை. இதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2018 டிசம்பரில், லண்டன் மாநகருக்கு அருகிலுள்ள கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதென்னும் செய்தியால் ஏறத்தாழ ஆயிரம் விமானப் பயணங்கள் தடைப்பட்டன. ஆகவே அச்சம் காரணமற்றதன்று. ஜம்மு நிகழ்ச்சிக்குப் பின், மீண்டும் அனைத்தையும் தடை செய்வதற்கு அரசுக்குப் போதிய காரணம் இருந்தது.

ஆனால் அரசு அவ்வாறு செய்யவில்லை. இரண்டு மாதம் கழியுமுன், ஆகஸ்டு 25-ஆம் நாள், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வெளியாயின. படிவங்கள் ஐந்தாகவும், கட்டண வகைகள் நான்காகவும் குறைந்தன. எடையைக் கொண்டு ட்ரோன்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. 250 கிராம் வரையுள்ளது நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். 500 கிலோ வரை பெரியது. வான்வெளியும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுக்கப்பட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டுவதில்லை. மஞ்சள் பகுதியில் அனுமதி பெறவேண்டும். படைத்தளம் போன்ற சிவப்பு இடங்களில் மைய அரசின் இசைவின்றிப் பறத்தல் ஆகாது.

இம்மாறுதலின் நுட்பத்தை நீங்கள் உணரவேண்டும். குண்டு வீச எண்ணிய பகைவன் எந்தப் படிவத்தையும் நிரப்பப்போவதில்லை. அவனைத் தடுப்பது காவலின் வேலை. படிவத்தால் தடைபடுகிறவன் நல்லவனே. நல்லவன் பறக்கும் வழி இதுவென்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், வழி தவறிப் பறப்பது எது என்பதும் எளிதில் புலப்படும். கேடு செய்வோனை அடையாளம் காண்பதற்கும் நல்ல விதியே துணை செய்கிறது.

வழி திறந்ததும் தொழில் வளரத் தொடங்கியது. உள்நாட்டில் ட்ரோன் செய்வோருக்கு மூன்று ஆண்டுகளில் 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில், ஆராய்ச்சியும் பாதுகாப்பும் போன்ற சில தேவைகள் நீங்கலாக, வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. உதிரிப் பாகங்களுக்கு அத்தடை இல்லை. இதில் நமக்குள்ள குறையும் வெளிப்படுகிறது. உடலை இங்கே பூட்டுகிறோம். மோட்டார், மின்கலம், நுண்சில்லு ஆகியவற்றிற்கு இன்னும் பெரிதும் அயலாரையே நம்பியிருக்கிறோம். 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் சிற்றூர்களின் குடியிருப்பு மனைகள் ட்ரோனால் அளக்கப்பட்டு, உரிமைப் பத்திரங்கள் வழங்கப்படுகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு உழவு ட்ரோன் அளிக்கும் திட்டத்திற்கு 2023 நவம்பரில் மைய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 செப்டம்பரில் ட்ரோன்கள் மீதான சரக்கு, சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அதே செப்டம்பரில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ட்ரோன்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதற்கான வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. மீறுவோர்க்குச் சிறைத் தண்டனையும் அதில் இடம் பெற்றிருந்தது. பழைய அச்சம் மீண்டும் தலைதூக்குமோ என்று தொழில் துறையினர் கவலை தெரிவித்தனர். ஆகவே வரலாறு முடிந்துவிடவில்லை. நம் கண் முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

மற்றொரு கேள்வியும் உண்டு. காஸ்பியின் கோழிகளை விரட்டியது இரைச்சல். இன்று நம் முற்றத்தின் மேல் வந்து நிற்பது ஒரு கண். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் தாயை, குளக்கரையில் நிற்கும் பெண்ணை, அவர்கள் அறியாமலே அக்கண் பதிவு செய்துகொள்ளக்கூடும். அந்தரங்கம் என்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடையையும் உயரத்தையும் நன்கு அளந்த நம் விதிகள், இக்கண்ணை இன்னும் அதே நுட்பத்துடன் அளக்கவில்லை. இந்த வேலை உங்கள் தலைமுறையின் வேலை.

பயிருக்கு வேலி வேண்டும் என்பதை உழவர் அறிவர். வேலி இல்லையேல் ஆடு மாடுகள் மேய்ந்துவிடும். ஆனால் வெயிலும் காற்றும் புகாதபடி வயலைச் சுற்றிச் சுவர் எழுப்புவோர் எவரும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்தாற்போல் என்னும் பழமொழி நம்மிடையே வழங்குகிறது. 2014 முதல் 2018 வரை நம் நாட்டில் ட்ரோன் தொழிலுக்கு நேர்ந்தது அதுவே. 2021-இல் வேலி அதன் இடத்திற்குத் திரும்பியது.

பத்தாம் வகுப்பில் தேறிப் பதினெட்டு வயது நிரம்பிய எவரும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் கற்று ட்ரோன் இயக்கும் சான்றிதழைப் பெறலாம் என்கின்றன 2021-ஆம் ஆண்டு விதிகள். உங்களுள் பலர் அவ்வாறு பெறுவீர்கள். சிலர் ட்ரோனைச் செய்வீர்கள். சிலர் ஒருநாள் அரசுப் பொறுப்பேற்று அதற்கு விதியும் வகுப்பீர்கள். கருவியைக் கையில் எடுப்போர் கீழேயுள்ள முற்றத்தை மறவாதிருங்கள். எழுதுகோலைக் கையில் எடுப்போர் கோனெஸ் ஊராரின் கவைக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சியவுடன் குத்திக் கிழிப்பது எளிது. எது தீயுள்ளது, எது தீயற்றது என்று பிரித்தறிவதே அரிது. அந்த அரிய செயலைச் செய்வதற்காகவே கல்வி கற்கின்றோம்.